கூம்பகத்தின் மூன்றிலொரு பங்கு

ஓர் உருவத்தைத் துண்டுகளாகப் பகுத்து, அத்துண்டுகளை வேறொரு வகையாகப் பொருத்தி மற்றோர் உருவத்தை ஆக்குதல் கேத்திரகணிதத்தின் மிகப் பழைய முறைகளுள் ஒன்றாகும். கூட்டலும் குறைத்தலும் இன்றி, பொருளை அழியாது வைத்துக்கொண்டு வடிவை மாத்திரம் மாற்றுவதாதலின், அம்முறையாற் பெறப்படும் உண்மையைக் கண்ணே காணும், கையே உணரும். சிறுவர்க்கு அது விளையாட்டு; அறிஞர்க்கு அது நிறுவல். ஆயினும், தாளை வெட்டிப் பொருத்துவதற்கும் கட்டியை வெட்டிப் பொருத்துவதற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு யாது என்பதையும், அதனை நம்மவர் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

பரப்பிற் பகுத்தல்

வேத காலத்து வேள்விக்களம் அமைத்தோர் இக்கலையில் வல்லுநராயிருந்தனர். பருந்தின் வடிவினதாகிய வேள்வி மேடை ஐந்து படைகளையும், படையொன்றுக்கு இருநூறு செங்கற்களையும் உடையதாய், ஏழரைச் சதுர புருடப் பரப்பினதாய் அமைதல் வேண்டும் என்பது விதி. செவ்வகத்தைச் சதுரமாக்கவும், இரு சதுரங்களை ஒரு சதுரமாக்கவும் உரிய வழிகளைப் போதாயனர் முதலியோரின் சுல்ப சூத்திரங்கள் கூறுகின்றன.

முக்கோணியின் பரப்பளவு அடியையும் செங்குத்துயரத்தையும் பெருக்கிய தொகையின் அரைவாசி என்பதைச் சிறு மாணவரும் அறிவர். அதற்குரிய காரணமும் எளிது. ஒத்த முக்கோணிகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றதனோடு சேர்த்தால் இணைகரம் ஒன்று கிடைக்கும். இணைகரத்தின் ஒரு பக்கத்தை வெட்டி மறுபக்கத்தில் ஒட்டினால் அது செவ்வகமாகும். இவ்வாறே, நேர்கோடுகளால் அடைபட்ட தளவுருவங்கள் இரண்டு சம பரப்புடையனவாயின், ஒன்றனைச் சில துண்டுகளாக வெட்டி மற்றதாகப் பொருத்துதல் எக்காலும் இயலும். இத்தேற்றம் 1807 ஆம் ஆண்டளவில் உவொலசு என்பவராலும், 1832, 1833 ஆம் ஆண்டுகளில் முறையே போல்யாய், கேர்வின் என்போராலும் தனித்தனி கண்டறியப்பட்டது. பரப்பு ஒன்றாயின் வெட்டிப் பொருத்தலும் ஒன்றும் என்பது இதன் முடிபு.

ஆரியபடரின் இரு சூத்திரங்கள்

கனவுருவங்களுக்கு வருவாம். கி.பி. 476 இற் பிறந்த ஆரியபடர் 499 ஆம் ஆண்டில் ஆரியபடீயத்தை இயற்றினார். அதன் கணிதபாதத்து ஆறாம் சூத்திரம் இரு பகுதிகளையுடையது. முற்பகுதி முக்கோணியின் பரப்பளவை அடியும் உயரமும் கொண்டு அரைவாசி என்று வகுக்கின்றது, இது சரியானது. பிற்பகுதி, ஆறு விளிம்புடைய கனவுருவத்தின், அதாவது முக்கோணியை அடியாகக் கொண்ட கூம்பகத்தின், கனவளவை அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிய தொகையின் அரைவாசி என்று வகுக்கின்றது. இது சரியன்று; அது மூன்றிலொரு பங்காதல் வேண்டும். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் இப்பகுதிக்கு வேறு பொருள் காண முயன்றனராயினும், பெரும்பாலோர் கொள்ளும் பொருள் இதுவே. முக்கோணிக்கு அரைவாசி பொருந்தியது கண்டு, கூம்பகத்துக்கும் அதுவே பொருந்தும் என்று கொள்வது எவர்க்கும் இயல்பாய்த் தோன்றக்கூடிய எண்ணமேயாகும்.

வியப்பு யாதெனின், அதே கணிதபாதத்தின் இருபத்தோராம் சூத்திரம் இதனை மறுப்பதுதான். அச்சூத்திரம் குவியல் ஒன்றில் உள்ள பொருள்களின் எண்ணிக்கையைக் கூறுவது. நெல்லியடிச் சந்தையில் தேசிக்காய்களை முக்கோண அடியின்மேல் அடுக்கடுக்காகக் குவித்து வைத்தாற்போன்ற குவியல் ஒன்றை எண்ணிக்கொள்க. உச்சியில் ஒன்று, அதன் கீழ் மூன்று, அதன் கீழ் ஆறு, பின்னர் பத்து, இவ்வாறு அடுக்குகள் விரியும். அடுக்குகளின் தொகையையும், அதனிலும் ஒன்று கூடிய எண்ணையும், இரண்டு கூடிய எண்ணையும் தம்முட் பெருக்கி ஆறால் வகுக்கக் குவியலின் மொத்தம் வரும் என்பது விதி. மூன்று அடுக்காயின், 3 × 4 × 5 = 60; அதனை ஆறால் வகுக்க 10. நான்கு அடுக்காயின், 4 × 5 × 6 = 120; அதனை ஆறால் வகுக்க 20. இவ்விதி முற்றும் சரியானது.

ஆறாம் சூத்திரமும் இருபத்தோராம் சூத்திரமும் எங்ஙனம் முரணுகின்றன என்பதைக் காண்பதற்கு முன், பின்னையதன் காரணத்தை அறிதல் வேண்டும். காரணத்தைக் காட்டியவர் கேரள நாட்டு நீலகண்ட சோமயாசி.

நீலகண்டரின் பொருத்தல்

நீலகண்டர் 1444 ஆம் ஆண்டிற் பிறந்தவர்; திருக்கண்டியூரைச் சேர்ந்தவர்; தந்திரசங்கிரகம் என்னும் வானியல் நூலின் ஆசிரியர். வாக்கியகரணத்துக்கு உரைகண்ட தமிழ்நாட்டுச் சுந்தரராசர் தம் ஐயங்களை எழுதி அவரிடம் விடைபெற்றார் என்பது தமிழர் அறியத்தக்க செய்தி. யாழ்ப்பாணத்தில் வழங்கிவரும் வாக்கிய பஞ்சாங்கமும் அந்த வாக்கிய மரபின் வழிப்பட்டதே. ஆரியபடீயத்துக்கு நீலகண்டர் எழுதிய பேருரையில், குவியல்களின் தொகையைக் கனவுருவங்களைப் பொருத்திக் காட்டி நிறுவுகின்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வே. இராகவனின் கீழ் ஆராய்ந்த டி. ஏ. சரசுவதி அம்மா, பண்டைய, இடைக்கால இந்தியக் கேத்திரகணிதம் பற்றி 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்தகைய நிறுவல்களை ஆங்கிலத்தில் விளக்கிற்று.

அவருடைய வழியைப் பின்பற்றி, தச்சரிடம் எஞ்சும் மரத்துண்டுகளிலிருந்து அறுத்தெடுத்த சம அளவினவாகிய சதுரமுகிக் குற்றிகள் அறுபதைக் கொண்டு எவரும் இதனைச் செய்து பார்க்கலாம். மூன்று அடுக்குள்ள குவியலில் பத்துக் குற்றிகள் உள. அடியடுக்கு 3, 2, 1 என்னும் நிரைகளாற் படிக்கட்டுப் போல அமைந்த ஆறு குற்றிகள், நடுவடுக்கு 2, 1 என்னும் நிரைகளாலமைந்த மூன்று, உச்சியில் ஒன்று. இத்தகைய குவியல்கள் ஆறு செய்யப்படுகின்றன. அவை ஆறும் சேர்ந்து இடைவெளியின்றி ஒரு பெட்டியாக வேண்டும், இதுவே புதிர்.

முதலில் ஒவ்வோர் அடுக்கையும் இணைக்க. படிக்கட்டு வடிவினவாகிய அடியடுக்குகள் இரண்டனுள் ஒன்றைத் திருப்பி மற்றதனோடு சேர்த்தால், மூன்றுக்கு நான்கு என்னும் அளவினதாய், ஒரு குற்றிக் கனமுள்ள பலகை ஒன்று கிடைக்கும். ஆறு குவியல்களுக்கும் இத்தகைய பலகைகள் மூன்று. நடுவடுக்குகளிலிருந்து இரண்டுக்கு மூன்று அளவுள்ள பலகைகள் மூன்று. உச்சிகளிலிருந்து ஒன்றுக்கு இரண்டு அளவுள்ள துண்டுகள் மூன்று.

இனி உள்ளிருந்து வெளியே கட்டிச் செல்க. சிறிய துண்டுகள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைக்க, 1 × 2 × 3 என்னும் பெட்டி உண்டாகும். அதன் 2 × 3 முகத்தின்மேல் நடுப்பலகை ஒன்றைப் பொருத்த அது 2 × 2 × 3 ஆகும். அதன் ஒரு 2 × 3 முகத்தில் மற்றொரு நடுப்பலகையைப் பொருத்த 2 × 3 × 3 ஆகும். மீண்டும் 2 × 3 முகமொன்றில் மூன்றாவதைப் பொருத்த 2 × 3 × 4 ஆகும். இப்பொழுது பெரிய பலகைகளுக்கு உரிய 3 × 4 முகம் ஆயத்தமாயுள்ளது. அவை மூன்றையும் அவ்வாறே பொருத்த, 3 × 3 × 4, பின் 3 × 4 × 4, ஈற்றில் 3 × 4 × 5 என்னும் பெட்டி நிறைவுறும். அறுபது குற்றிகளும் அடங்கின. ஒரு குற்றியேனும் மிகவில்லை, குறையவில்லை. ஒரு பலகையேனும் வெட்டப்படவுமில்லை.

இப்புதிரின் சிறப்பு மூன்றாம் அடுக்குடன் நில்லாமை. 3 × 4 × 5 என்னும் பெட்டியில் 4 × 5 முகம் உள்ளது. நான்காம் அடுக்குகள் ஆறிலிருந்து கிடைக்கும் பலகைகள் மூன்றும் அதே 4 × 5 அளவின. எனவே பெட்டி 4 × 5 × 6 ஆக வளரும். இவ்வாறு ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டிக்கு வேண்டிய முகத்தைத் தானே ஆயத்தஞ் செய்துவைக்கின்றது. ஆகவே எத்தனை அடுக்காயினும் விதி பொருந்தும். இதுவே இன்று தொகுத்தறி முறை என வழங்கப்படும் நிறுவலின் உள்ளீடு.

சதுர அடுக்குகளாலான குவியலுக்கும் இதனையொத்த பொருத்தல் உண்டு. 1, 4, 9 என்னும் அடுக்குகளையுடைய குவியல்கள் ஆறும் 3 × 4 × 7 என்னும் பெட்டியை நிரப்பும். இங்கே ஒரு சிறு நுட்பம் வேண்டும். 2 × 3 × 5 என்னும் உட்பெட்டியைச் சுற்றி, ஒன்பது குற்றிகளையுடைய பலகைகள் ஆறும் ஒரு தளமாகவும், இரு முனைச் சுவர்களாகவும், ஒரு பக்கச் சுவராகவும் அமையும். முனைச் சுவர்கள் இரண்டும் முழுப்பலகைகள். தளத்துக்கு 3 × 7 வேண்டும். இரண்டு முழுப்பலகைகளும் மூன்று குற்றி நீளமுள்ள ஒரு கீற்றும் அதனை நிரப்பும். பக்கச் சுவருக்கு 3 × 5 வேண்டும். ஒரு முழுப்பலகையும், ஆறாம் பலகையிற் கீற்றுப் போக எஞ்சிய துண்டும் அதனை நிரப்பும். ஆகவே ஆறு பலகைகளுள் ஒன்றை மாத்திரம், ஒரேயொரு முறை வெட்டினாற் போதும். மாணவரிடம் குற்றிகளைக் கொடுத்து இதனைத் தாமே கண்டறியும்படி விடுதல், விதியைப் பத்து முறை எழுதுவிப்பதிலும் பயன் மிகுந்தது.

முரணும் அதன் தீர்வும்

இப்பொழுது ஆரியபடரின் இரு சூத்திரங்களையும் எதிரெதிர் நிறுத்துவாம். குற்றிகளாலான குவியல் படிப்படியாக உயரும் கூம்பகமேயாகும். அடியடுக்கின் குற்றிகளை அடுக்குகளின் தொகையாற் பெருக்கினால், குவியலை அடக்கக்கூடிய நேரான அரியத்தின் அளவு வரும். அரியத்தில் எத்தனை பங்கு குவியல் எனக் காண்க.

நான்கு அடுக்குக் குவியலில் அடியில் பத்துக் குற்றிகள். பத்தை நான்காற் பெருக்க நாற்பது. குவியலில் உள்ளவை இருபது. சரியாக அரைவாசி! ஆறாம் சூத்திரம் நான்கு அடுக்குக் குவியலுக்குச் சற்றும் பிழையின்றிப் பொருந்துகின்றது. ஆனால் பத்து அடுக்குக்குச் சென்றால், அடியில் 55, அரியம் 550, குவியல் 220, பங்கு 0.4. நூறு அடுக்காயின் அரியம் 505,000, குவியல் 171,700, பங்கு 0.34. ஆயிரம் அடுக்காயின் பங்கு 0.334. பொதுவாகக் கூறின், அடுக்குகளின் தொகையுடன் இரண்டைக் கூட்டி, அத்தொகையின் மும்மடங்கால் வகுக்க இப்பங்கு வரும். அடுக்குகள் பெருகப் பெருக, மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட மிகுதி தேய்ந்து கொண்டே போகும். படிகளும் கண்ணுக்குப் புலப்படாது மறைந்து வழுவழுப்பான கூம்பகம் தோன்றும். அதன் பங்கு மூன்றிலொன்றே, அரைவாசி அன்று.

ஆகவே ஆறாம் சூத்திரத்தைத் திருத்துவதற்கு வேற்று நாட்டு நூல் எதுவும் வேண்டியதில்லை. ஆரியபடரின் மற்றொரு சூத்திரமே போதும். 628 ஆம் ஆண்டில் பிரமகுப்தர் மூன்றிலொன்று என்னும் சரியான அளவைத் தம் நூலிற் கூறினார். முன்னோர் கூற்றைப் போற்றுதல் வேறு. ஆராயாது ஏற்றல் வேறு. உபபத்தி எனப்படும் காரணங் காட்டலை நீலகண்டர் போன்ற உரையாசிரியர் இன்றியமையாததெனக் கொண்டதன் பயன் இங்கே விளங்குகின்றது. சூத்திரத்தை மனனஞ் செய்தவர்க்கு இரண்டும் சமம். குற்றிகளை அடுக்கிப் பார்த்தவர்க்கே எது நிலைக்கும் என்பது புலனாகும்.

வெட்ட முடியாத கூம்பகம்

இனி ஒரு வினா எழும். முக்கோணியைப் போலக் கூம்பகத்தையும் நேரே வெட்டிப் பொருத்தி மூன்றிலொன்று என்று காட்டலாகாதா? சில கூம்பகங்களுக்குக் காட்டலாம். சதுரமுகியாக வெட்டிய சவர்க்காரக் கட்டி ஒன்றை எடுத்து, அதன் ஒரு மூலையை உச்சியாகவும், அம்மூலையைத் தொடாத மூன்று முகங்களையும் அடிகளாகவும் கொண்டு வெட்டினால், ஒன்றையொன்று முற்றும் ஒத்த கூம்பகங்கள் மூன்று கிடைக்கும். சீன நாட்டு இலியூ கூயி என்பார் கி.பி. 263 இல் எழுதிய உரையில் இவ்வகைப் பகுப்பை ஆராய்ந்து, சதுரமுகி அல்லாத பெட்டிகளில் அக்கூம்பகங்கள் ஒத்த வடிவின அல்லவாதலைக் கண்டு, பாதி பாதியாக முடிவின்றிப் பகுக்கும் முறையை மேற்கொண்டார். யூக்கிளிட்டும் தம் பன்னிரண்டாம் நூலில் முக்கோண அரியத்தை மூன்று கூம்பகங்களாகப் பகுத்தார். அவை கனவளவிற் சமம், வடிவில் வெவ்வேறு. அவற்றின் சமத்தன்மையை நிறுவ அவருக்கும் முடிவற்ற பகுப்பே வேண்டியதாயிற்று.

பரப்புக்கு வேண்டாத முடிவற்ற பகுப்பு கனவளவுக்கு மாத்திரம் ஏன் வேண்டும்? இவ்வினா கௌசு என்னும் பேரறிஞரின் உள்ளத்தையும் உறுத்திற்று. 1844 ஆம் ஆண்டில் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த கேர்லிங்கு, ஒன்றன் ஆடிவிம்பமாகிய மற்றொரு நான்முகியை, பன்னிரண்டு துண்டுகளாகப் பகுத்துப் பொருத்தலாம் எனக் காட்டினார். பொது வினா விடையின்றியே நின்றது. 1900 ஆம் ஆண்டில் பாரிசு நகர்க் கணித மாநாட்டை ஒட்டி இல்பேட்டு தொகுத்தளித்த இருபத்துமூன்று வினாக்களுள் மூன்றாவதாக இது இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே அவருடைய மாணவர் மாக்சு தேன் விடை கண்டார். ஒழுங்கான நான்முகியை, எத்தனை துண்டுகளாக வெட்டினும், சம கனவளவுள்ள சதுரமுகியாகப் பொருத்துதல் இயலாது என்பதே அவ்விடை.

அவருடைய காரணத்தின் சாரம் வருமாறு. கனவுருவின் ஒவ்வொரு விளிம்புக்கும் நீளம் ஒன்று. அவ்விளிம்பில் இரு முகங்கள் சந்திக்கும் கோணம் ஒன்று. விளிம்பைக் குறுக்கே வெட்டினால் நீளம் பிரியும், கோணம் மாறாது. விளிம்பின் வழியே வெட்டினால் கோணம் பிரியும், நீளம் மாறாது. வெட்டினாற் புதிதாகத் தோன்றும் விளிம்புகளின் கோணங்கள், முகத்தின்மேலாயின் 180 பாகைக்கும், உள்ளேயாயின் 360 பாகைக்கும் கூடும். ஆகவே 180 பாகையின் முழுமடங்குகளையும் அவற்றின் பின்னப் பங்குகளையும் கணக்கில் எடாது விட்டால், நீளமும் கோணமும் சேர்ந்த ஒரு வகை இருப்புக் கணக்கு எத்தனை வெட்டுக்குப் பின்னும் மாறாது நிற்கும். சதுரமுகியின் கோணங்களெல்லாம் 90 பாகை. ஆதலின் அதன் இருப்புப் பூச்சியம். ஒழுங்கான நான்முகியின் கோணமோ ஏறக்குறைய 70 பாகை 32 கலை. அதனை எத்தனை முறை அடுக்கினும் 180 பாகையின் முழுமடங்கு ஒருபொழுதும் வாராது. எனவே அதன் இருப்புப் பூச்சியமன்று. இருப்பு வேறாகிய இரண்டு ஒன்றாதல் எங்ஙனம்? 1965 ஆம் ஆண்டில் சிட்லர் என்பார், கனவளவும் இவ்விருப்பும் ஒத்தால் வெட்டிப் பொருத்துதல் இயலும் என்னும் மறுதலையையும் நிறுவி இவ்வினாவை முடித்துவைத்தார்.

முடிபு

கூம்பகத்தின் மூன்றிலொரு பங்கு, எல்லாக் கூம்பகங்களுக்கும் பொதுவாக, கத்தி ஒன்றாற் காட்டத்தக்க உண்மையன்று. குற்றிகளைப் பொருத்திப் பெறும் விதி ஒருபுறம் வேண்டும். அடுக்குகளை எல்லையின்றிப் பெருக்கிச் செல்லும் எண்ணம் மறுபுறம் வேண்டும். இரண்டையும் கேரளக் கணிதர் கைக்கொண்டனர். 1530 ஆம் ஆண்டளவில் சேட்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாசையில், சதுரங்களின் கூட்டுத்தொகை அடுக்குகள் பெருகுமிடத்து ஈற்றெண்ணின் கனத்தில் மூன்றிலொன்றை அணுகும் என்பது விளக்கப்படுகின்றது. வட்டத்தின் பரிதியைக் காண மாதவர் கண்ட தொடரில், ஒன்றிலிருந்து கழிக்கப்படும் மூன்றிலொன்று என்னும் உறுப்பு இங்கிருந்தே வருகின்றது. சந்தைக் குவியலை எண்ணும் விதியும், கூம்பகத்தின் கனவளவும், வட்டத்தின் பரிதியும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பது இதனாற் பெறப்படும்.

வகுப்பறையில் மூன்றிலொன்று என்னும் விதி பெரும்பாலும் காரணமின்றியே கொடுக்கப்படுகின்றது. அறுபது மரக்குற்றிகளும் ஒரு பாடவேளையும் இருந்தால், பன்னிரண்டு வயது மாணவரும் அதன் பாதிக் காரணத்தைத் தம் கையாலேயே கட்டி எழுப்பலாம். எஞ்சிய பாதி கையால் எட்டாதது, எண்ணத்தாலேயே எட்டவேண்டியது என்பதையும் அவர் அப்பொழுதே உணர்வர். கேத்திரகணிதம் கற்பதன் பெரும்பயன்களுள் இதுவும் ஒன்றாகும்.